விஷம் பரிமாறிய விஞ்ஞானி

மூன்றாம் ஆண்டு மாணவன், வேதித் தொழில்நுட்பப் பிரிவு



வருடா வருடம் நம் மலரில் எடிசன் வருவார், விஸ்வேஸ்வரய்யா வருவார், கலாம் ஐயா கட்டாயம் வருவார். எல்லோருமே பெரியவர்கள்தான். இந்த வருடம் ஒரு மாறுதலுக்காக, நம்ம பிரிவுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் ஒரு கெமிஸ்ட். பெயர் ஹார்வி வாஷிங்டன் வைலி. ஒரு காலத்தில் அமெரிக்காவில் இவர் பெயர் தெரியாத வீடு கிடையாது. மேடைகளில் இவரைக் கேலி செய்து பாட்டே பாடியிருக்கிறார்கள். கேன்டீனில் பிஸ்கட் பாக்கெட்டைக் கிழித்ததும் கவரைக் கசக்கி எறிந்துவிடுகிறோமே, அதன் பின்பக்கத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் அல்லவா? அதை விற்பவன் மறைக்கக் கூடாது, வாங்குபவனுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று சுமார் முப்பது வருடம் மல்லுக்கட்டியவர் இவர்.

வைலி 1844-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் இண்டியானா மாநிலத்தில் கெண்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு வீட்டில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் ஆறாவது. அப்பா விவசாயி, மதப் பிரசங்கமும் செய்வார். 1863-ல் ஹேனோவர் கல்லூரியில் சேர்ந்த வைலி, அடுத்த வருடமே உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்குப் போனார். திரும்பி வந்து 1867-ல் பட்டம் வாங்கினார். 1871-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார், ஆனால் வைத்தியத் தொழிலுக்குப் போகவில்லை. 1873-ல் ஹார்வர்டில் இன்னொரு பட்டம். 1874-ல் பர்டியூ பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியபோது அதன் முதல் வேதியியல் பேராசிரியர் ஆனார்.

பர்டியூவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. அந்தக் காலத்தில் முன் சக்கரம் ஆளுயரத்துக்கு இருக்கும் சைக்கிள் ஒன்று உண்டு. வைலி அதை வாங்கி, அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஊருக்குள் ஓட்டினார். மாணவர்களோடு பேஸ்பாலும் விளையாடினார். நிர்வாகக் குழுவினருக்கு இது பொறுக்கவில்லை. பேராசிரியர் ஒருவர் குரங்கு மாதிரி சக்கரத்தின் மேல் உட்கார்ந்து போவதா என்று அவரைக் கூப்பிட்டு வைத்துக் கண்டித்தார்கள். வைலி அங்கேயே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். அவர்கள் அதை ஏற்கவில்லை! ஆனால் பிறகு தலைவர் பதவி காலியானபோது அவரை ஒதுக்கிவிட்டார்கள்.

1878-ல் அவர் ஜெர்மனி போய் வந்ததுதான் திருப்பம். பெர்லினில் ஹோஃப்மன் என்ற புகழ்பெற்ற வேதியியலாரின் வகுப்புகளைக் கேட்டார். அரசாங்க உணவுச் சோதனைக் கூடத்தில் போலாரிமீட்டர் வைத்துச் சர்க்கரையைச் சோதிக்கக் கற்றுக்கொண்டார். நம் லேபில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்களே, அந்தக் கருவியின் முன்னோர்தான். ஒளியை ஒரே தளத்தில் அதிரும்படி செய்து சர்க்கரைக் கரைசல் வழியாக அனுப்பினால், அந்தத் தளம் கொஞ்சம் திரும்பும். கரும்புச் சர்க்கரை ஒரு அளவுக்குத் திருப்பும், குளுக்கோஸ் இன்னொரு அளவுக்குத் திருப்பும். நாக்குக்கு இரண்டும் இனிப்புதான். கருவியை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை.

ஊர் திரும்பியதும் இண்டியானா மாநிலச் சுகாதார வாரியம், கடைகளில் விற்கும் சர்க்கரைப் பாகுகளைச் சோதித்துத் தரச் சொன்னது. மக்காச்சோள மாவிலிருந்து எடுத்த மலிவான குளுக்கோஸ் பாகை வேறு வேறு பெயர் ஒட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். வைலி அதை வெளியே கொண்டுவந்தார். குளுக்கோஸ் விஷம் என்று அவர் சொல்லவில்லை. குளுக்கோஸ் என்று பெயர் போட்டு, குளுக்கோஸ் விலைக்கு விற்கட்டும் என்பதுதான் அவர் கட்சி.

ஆனால் அதே சமயத்தில் அவர் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். 1881-ல் ஒரு பிரபல அறிவியல் பத்திரிகையில் எழுதும்போது, பாரஃபின் மெழுகிலேயே தேன்கூடு செய்து, அதில் குளுக்கோஸை ஊற்றி அடைத்து விற்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டார். அப்படி யாரும் செய்ததற்கு அவர் கையில் ஆதாரம் இல்லை. பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு பரப்பின. கூட்டோடு தேன் விற்றுப் பிழைத்த தேனீ வளர்ப்பவர்கள் பாதிக்கப்பட்டார்கள். வைலியின் பொய் என்று அதற்குப் பெயரே வைத்துப் பல வருடம் அவரைத் துரத்தினார்கள். விளையாட்டாக எழுதியது என்று அவர் பிற்பாடு சமாதானம் சொன்னார். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை.

ஏன் போதவில்லை என்றால், எங்க அம்மா மீன் விற்கிறவங்க. விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்றுத்தான் என்னைப் படிக்க வைக்கிறாங்க. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். 2018-ல் கேரளாவிலும் சென்னையிலும் மீனில் ஃபார்மலின் இருப்பதாகச் செய்தி வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் ஊர் மீனை யாரும் சோதிக்கவில்லை, குற்றமும் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு வாரம் போல அம்மா கூடையோடு போய்க் கூடையோடு திரும்பி வந்தாங்க. வாடிக்கைக்காரர்கள் கதவைத் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? வழக்கமாகச் செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சதையை விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். ஃபார்மலின் போட்ட மீன் அமுக்கினால் கெட்டியாகத்தான் இருக்கும். பாட்டி காலத்துச் சோதனை அங்கே செல்லாது. எங்க மீன் நல்ல மீன் என்று அம்மாவால் சத்தியம் பண்ண முடிந்ததே தவிர, நிரூபிக்க முடியவில்லை. சோதனை என்பது வாங்குபவனுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நேர்மையாக விற்பவனுக்கு அது இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது என்று எனக்குப் புரிந்தது அந்த இரண்டு வாரத்தில்தான்.

சரி, வைலியிடம் வருவோம். 1883-ல் அவர் வாஷிங்டனில் மத்திய வேளாண்மைத் துறையின் தலைமைக் கெமிஸ்ட் ஆனார். அடுத்த வருடமே மற்ற வேதியியலாருடன் சேர்ந்து அரசு வேளாண் வேதியியலார் சங்கத்தைத் தொடங்கினார். இது வெளியே பெரிதாகப் பேசப்படாத காரியம், ஆனால் நமக்குப் புரியும். ஒரே சாம்பிளை இரண்டு லேபில் கொடுத்தால் இரண்டு விடை வந்தால் கோர்ட்டில் என்ன ஆகும்? குற்றவாளி கைவீசிக்கொண்டு போய்விடுவான். எல்லோரும் ஒரே முறையில் சோதிக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட சங்கம் அது. 1887 முதல் உணவுக் கலப்படம் பற்றிய அறிக்கைகள் ஒவ்வொரு பாகமாக வெளிவந்தன. மிளகுத்தூளில் ஓட்டுத்தூள், காபித்தூளில் சிக்கரி, பன்றிக் கொழுப்பில் பருத்திக்கொட்டை எண்ணெய் என்று பட்டியல் நீளும். படித்தவர்கள் படித்தார்கள். சட்டம் மட்டும் வரவில்லை. நாடாளுமன்றத்துக்கு மசோதா போவதும் அங்கேயே படுத்துக்கொள்வதும் வாடிக்கையாக இருந்தது.

இதற்கிடையில் கலப்படத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று எழுந்தது. ஃபிரிட்ஜ் இல்லாத காலம். நகரங்கள் பெருத்துவிட்டன, பாலும் இறைச்சியும் தூரத்திலிருந்து வர வேண்டும். கெடாமல் இருக்கப் பாலில் ஃபார்மால்டிஹைடு, இறைச்சியிலும் வெண்ணெயிலும் வெண்காரம், பச்சைப் பட்டாணி பச்சையாகத் தெரிய மயில்துத்தம் எல்லாம் சேர்த்தார்கள். கொஞ்சம்தானே, ஒன்றும் செய்யாது என்றார்கள் வியாபாரிகள். ஒன்றும் செய்யாது என்பதற்கும் ஆதாரம் இல்லை, கெடுதல் என்பதற்கும் ஆதாரம் இல்லை. தேன்கூட்டு விஷயத்தில் சூடு பட்டவராயிற்றே, இந்தத் தடவை வைலி வெறுமனே பேசவில்லை.

1902-ல் நாடாளுமன்றம் அவருக்கு 5,000 டாலர் ஒதுக்கியது. வேதியியல் பிரிவுக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு சமையலறையும் சாப்பாட்டு அறையும் அமைத்தார். துறையில் வேலை பார்த்த திடகாத்திரமான இளைஞர்கள் பன்னிரண்டு பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். மூன்று வேளையும் இலவசச் சாப்பாடு, வேறு கூலி கிடையாது. அந்தச் சாப்பாட்டைத் தவிர வெளியே எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஏதாவது ஆகிவிட்டால் அரசாங்கத்தைக் கேட்க மாட்டோம் என்று எழுதியும் கொடுத்தார்கள். எடை, உடல் வெப்பம், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். சாப்பிட்டதையும் நிறுத்தார்கள், உடம்பிலிருந்து வெளியேறியதையும் சேகரித்துச் சோதித்தார்கள். (அந்த லேப் அசிஸ்டென்ட்டுகளை நினைத்துப் பாருங்கள்!) முதலில் சில நாள் சுத்தமான உணவு, அடுத்துப் பல நாள் ரசாயனம் சேர்த்த உணவு, பிறகு மறுபடியும் சுத்தமான உணவு. இப்படி ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

முதலில் வெண்காரம். வெண்ணெயில் கலந்து வைத்தார்கள். பையன்கள் எப்படியோ கண்டுபிடித்து வெண்ணெயைத் தொடாமல் எழுந்தார்கள். வேறு உணவில் மாற்றிக் கலந்தார்கள், அதையும் ஒதுக்கினார்கள். நம்ம ஹாஸ்டல் உப்புமா கதைதான்! கடைசியில் ஒளிவுமறைவே வேண்டாம் என்று கேப்சூலில் அடைத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். பசி குறைந்தது, வயிற்றுவலியும் தலைவலியும் வந்தன. நாளுக்கு அரை கிராம்கூட நீண்ட நாள் சாப்பிட்டால் ஆகாது என்று வைலி முடிவுக்கு வந்தார். பிறகு சாலிசிலிக் அமிலம், சல்ஃபைட்டுகள், பென்சோயேட், ஃபார்மால்டிஹைடு என்று ஐந்து வருடம் போல இது நடந்தது. சிலவற்றில் பையன்கள் படுத்துவிட்டதால் நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஒருவர் இதை மோப்பம் பிடித்து எழுத, விஷப்படை என்ற பெயர் நாடு முழுக்கப் பரவியது. கேலியாக ஆரம்பித்த செய்திதான். ஆனால் அறிக்கை அறிக்கையாக எழுதியும் அசையாத ஜனங்கள், பன்னிரண்டு பேர் உட்கார்ந்து விஷம் தின்கிறார்கள் என்றதும் தங்கள் தட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் நம்ம மாதிரிப் பையன்கள், கொஞ்சம் வயது கூட, அவ்வளவுதான். இன்றைக்கு எந்த அறநெறிக் குழுவும் இப்படிப்பட்ட சோதனையை அனுமதிக்காது. அனுமதிக்கவும் கூடாது.

சட்டம் வந்ததற்கு வைலி மட்டும் காரணம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். மகளிர் சங்கங்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கடிதங்களாகக் குவித்தன. 1906 தொடக்கத்தில் அப்டன் சின்க்ளேர் எழுதிய நாவல், சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அசிங்கத்தைக் காட்டி நாட்டையே குமட்ட வைத்தது. நேர்மையான முதலாளிகளும் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். ஹைன்ஸ் நிறுவனம் பென்சோயேட் இல்லாமலே தக்காளி சாஸ் செய்து காட்டியது. மலிவுச் சரக்கோடு போட்டி போட்டு நல்ல சரக்கு மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு சட்டம் அவர்களுக்கும் தேவைப்பட்டது. எங்க அம்மாவின் கட்சி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1906 ஜூன் 30 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தூய உணவு மற்றும் மருந்துச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கில் கலப்படத்தையும் பொய் லேபிளையும் குற்றமாக்கியது. மருந்தில் சாராயம், அபின், மார்ஃபின், கோகெய்ன் போன்றவை இருந்தால் எவ்வளவு என்று லேபிளில் போட வேண்டும் என்றது. சாதாரண விஷயமாகத் தோன்றலாம். அழுகிற குழந்தையைத் தூங்க வைக்க அந்நாட்டுத் தாய்மார்கள் கொடுத்து வந்த சிரப்பில் மார்ஃபின் இருந்தது. எந்தத் தாய் தெரிந்து கொடுப்பாள்? பொட்டலத்தின் எடையைப் போட வேண்டும் என்ற விதிகூட 1913-ல் திருத்தம் வந்த பிறகுதான் வந்தது.

சட்டம் வந்ததோடு சினிமா மாதிரி சுபம் போட முடியவில்லை. 1908-ல் வெள்ளை மாளிகையில் ஒரு கூட்டம். பென்சோயேட் விஷயத்தில் ரூஸ்வெல்ட் வைலி பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். யாரோ சாக்கரின் பேச்சை எடுத்தார்கள். தன்னை யாரும் கேட்காமலே வைலி குறுக்கே புகுந்து, சாக்கரின் போட்ட சோளம் தின்றவன் ஏமாந்தான், அது உடம்புக்கும் கெடுதல் என்றார். ரூஸ்வெல்ட்டுக்கு அவருடைய டாக்டர் தினமும் சாக்கரின் கொடுத்துக்கொண்டிருந்தார்! அதைக் கெடுதல் என்பவன் முட்டாள் என்று தலைவர் சீறினார். கூட்டம் முடிந்தது. வைலியின் முடிவுகளைச் சரிபார்க்க ஐரா ரெம்சன் தலைமையில் ஒரு குழு போடப்பட்டது. சாக்கரின் பிறந்ததே இந்த ரெம்சனின் லேபில்தான். அந்தக் குழு குறைந்த அளவு பென்சோயேட்டால் கெடுதல் இல்லை என்று 1909-ல் சொன்னது. இன்றும் உலகம் முழுக்க அது அளவோடு அனுமதிக்கப்படுகிறது. அந்த இடத்தில் வைலி அளவுக்கு மீறிப் போனார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஃபார்மால்டிஹைடு விஷயத்தில் அவர் சொன்னதே நிலைத்தது. வெண்காரத்தையும் இன்று நம் நாட்டில் உணவில் சேர்க்கக் கூடாது.

கோகோ கோலாவில் காஃபின் இருக்கிறது, குழந்தைகளும் குடிக்கிறார்கள் என்று வழக்குக்கும் காரணமானார். 1909-ல் சரக்கைப் பிடித்தார்கள், 1911-ல் சட்டனூகா நகரில் விசாரணை நடந்தது, 1916-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் நிறுவனம் காஃபினைக் குறைத்துக்கொண்டது. அதற்குள் வைலி பதவியில் இல்லை. 1911-ல், ஒரு நிபுணருக்குச் சம்பளம் கொடுத்த விதம் விதிமீறல் என்று அவர்மேல் புகார் கிளப்பினார்கள். அடுத்த தலைவர் டாஃப்ட் விசாரித்து, குற்றமில்லை என்று விடுவித்தார். இருந்தும் மேலதிகாரிகள் கையைக் கட்டிப் போட்டதில் வெறுத்துப் போய் 1912 மார்ச் 15 அன்று ராஜினாமா செய்தார். இந்தத் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். சரியாக ஐம்பது வருடம் கழித்து, 1962 மார்ச் 15 அன்று, கென்னடி நுகர்வோருக்குப் பாதுகாப்பு, தகவல், தேர்வு, முறையீடு என்று நான்கு உரிமைகள் உண்டு என நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பினார். அதை வைத்துத்தான் மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமை நாள் ஆனது. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் நாட்டில் 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, இப்போது அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இது பலருக்கும் தெரியும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு தெரியுமா? அதிகாரி வர வேண்டியதில்லை. உணவை வாங்குகிற யாரும் கட்டணம் கட்டி, அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்து அறிக்கை வாங்கலாம். ஆனால் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் தரமில்லை என்று வந்தால் கட்டின பணம் திரும்பக் கிடைக்கும். உரிமையும் பொறுப்பும் எப்படி ஒரே பிரிவில் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! முதுகுக்குப் பின்னால் வதந்தி கிளப்பாமல், முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் சோதிக்க வேண்டும். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, விற்கிறவங்க கொண்டுபோய்க் கொடுத்தா வாங்குவாங்களான்னு கேட்டாங்க.

ராஜினாமாவுக்குப் பின் வைலி சும்மா இருக்கவில்லை. குட் ஹவுஸ்கீப்பிங் என்ற பெண்கள் பத்திரிகையில் சேர்ந்து, அதன் சோதனைக் கூடத்தில் பொருள்களைச் சோதித்து எழுதினார். தேறாத பொருளுக்குப் பத்திரிகையில் விளம்பரம் கிடையாது. வருமானம் போனாலும் போகட்டும் என்று ஒரு பத்திரிகை நின்றது பெரிய விஷயம்தான். சிகரெட்டுக்கு எதிராகவும் 1920-களிலேயே எச்சரித்தார். குடும்ப வாழ்க்கைக்கு அவர் வந்ததே 1911-ல், 66 வயதில். மனைவி அன்னா கெல்டன், பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிச் சிறை சென்றவர். இரண்டு மகன்கள் பிறந்தார்கள். 1929-ல், தன் சட்டத்தை எப்படியெல்லாம் ஓட்டை போட்டார்கள் என்று ஒரு தடித்த புத்தகத்தைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். 1930 ஜூன் 30 அன்று, சட்டம் கையெழுத்தான அதே தேதியில், 24 வருடம் கழித்து வாஷிங்டனில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். 1956-ல் சட்டத்தின் பொன்விழாவுக்கு அவர் படம் போட்ட மூன்று சென்ட் தபால்தலை வெளியிட்டார்கள்.

அவர் போட்ட வேலியில் ஒரு பெரிய சந்து இருந்தது. பொய் லேபிள் போட்டால் குற்றம், ஆனால் விற்பதற்கு முன் மருந்தைச் சோதித்தே ஆக வேண்டும் என்று 1906 சட்டத்தில் இல்லை. 1937-ல் ஒரு கம்பெனி சல்ஃபா மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கரைத்து, இனிப்பும் வாசனையும் சேர்த்து விற்றது. சுவையையும் மணத்தையும் பார்த்தார்களே தவிர, அது விஷமா என்று பார்க்கவில்லை. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் நிறையக் குழந்தைகள். இன்ஸ்பெக்டர்கள் ஊர் ஊராக அலைந்து பாட்டில்களைப் பறிமுதல் செய்தார்கள். ஆனால் அதற்குச் சட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே பிடி என்ன தெரியுமா? லேபிளில் எலிக்சர் என்று போட்டிருந்தது. எலிக்சர் என்றால் சாராயத்தில் கரைத்தது என்று பொருள், இதில் சாராயம் இல்லை, ஆகவே பெயர் பொய்! அந்த ஒற்றை வார்த்தை மட்டும் லேபிளில் இல்லாதிருந்தால் சரக்கைத் தொட்டிருக்கவே முடியாது. அடுத்த வருடம், 1938-ல், புது மருந்தின் பாதுகாப்பை விற்கும் முன்பே காட்டியாக வேண்டும் என்று புதிய சட்டம் வந்தது.